புள்ளி ஓரிடம், ஆள் ஓரிடம்: வன்னியில் போன் லொகேஷன் பிழைத்தால் என்ன செய்வது

"தம்பி, அப்பாவைக் காணேல்ல. போனில நெடுங்கேணி ரோட்டுப் பக்கம் நிக்கிறதாக் காட்டுது. அங்க வந்து நிக்கிறம், ஆளில்லை."

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து இரவு எட்டரைக்கு வந்த அழைப்பு இது. ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது, மறதி நோய். அவருடைய போனில் லொகேஷன் பகிர்வைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். மகளும் அயலவர்களும் டோர்ச் அடித்துக்கொண்டு, யானை இறங்கும் பாதையில், புள்ளி காட்டிய இடத்தைச் சுற்றி இரண்டு மணித்தியாலம் தேடினார்கள். ஐயா இருந்ததோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம், முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில். மாடு தேடிப் போன ஒருவர் கண்டு, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் மகளின் போனை வாங்கிப் பார்த்தேன். திரையிலேயே எல்லாம் இருந்தது. புள்ளியைச் சுற்றி அரைவாசி ஊரை மூடும் வெளிர்நீல வட்டம். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், நாலு மணித்தியாலத்துக்கு முந்திய நேரம். போன் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை வாசிக்க நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு, லொகேஷன் போட்டுத் தரச் சொல்லி என் போன் கடைக்கு வருகிற எவரையும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. இங்கே அதை முழுதாக எழுதுகிறேன். கடைக்கு வருபவர்கள் என்ன வார்த்தையில் குறையைச் சொல்கிறார்களோ, அதே வார்த்தையிலேயே தலைப்புகளை வைத்திருக்கிறேன்.

எந்தக் குறையென்றாலும் முதலில்

செற்றிங்கைத் தொட முதல் வட்டத்தையும் நேரத்தையும் பாருங்கள். கூகுள் மப்பில் அந்த ஆளின் படத்தை ஒருமுறை தட்டினால் எத்தனை நிமிடத்துக்கு முந்திய இடம் என்று வரும். வட்டம் பெரிதாக இருந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கேயும் ஆள் இருக்கலாம் என்றுதான் அர்த்தம். நடுப்புள்ளியில் நிற்கிறார் என்று எடுக்கக் கூடாது.

போன் தன் இடத்தை மூன்று வழியில் அறிகிறது. முதலாவது செய்மதி. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளில் குறைந்தது நாலின் சமிக்ஞை கிடைத்தால், வெளியான இடத்தில் சில மீற்றர் பிசகுடன் இடம் வந்துவிடும். இரண்டாவது வைஃபை. அருகிலுள்ள ரவுட்டர்களின் அடையாள இலக்கங்களைப் பார்த்து, அவை எங்கே இருக்கின்றன என்று ஏற்கெனவே சேர்த்து வைத்த பட்டியலோடு ஒப்பிடும். மூன்றாவது டவர். எந்த டவரோடு போன் இணைந்திருக்கிறது என்பதைக் கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லும்.

கொழும்பில் செய்மதி மறைந்தால் வைஃபை வந்து கைகொடுக்கும். ஒரு தெருவில் நாற்பது ரவுட்டர் இருக்கும். பிசகு முப்பது நாற்பது மீற்றரோடு நின்றுவிடும். எங்களிடம் அந்த நடு ஆள் இல்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் காட்டு ரோட்டில் எத்தனை ரவுட்டர் இருக்கும்? செய்மதி கிடைக்காவிட்டால் போன் நேரே டவருக்கு விழுகிறது. ஐந்து மீற்றராக இருந்த பிசகு ஒரே தாவலில் ஐந்து கிலோமீற்றராகிவிடும். நகரத்து ஆட்கள் எழுதிய வழிமுறைகள் இங்கே பிழைப்பது இதனால்தான்.

"ஆள் வீட்டிலதான் இருக்கிறார், போன் ஊருக்கு அங்கால காட்டுது"

பெரிய வட்டமும் புதிய நேரமும் ஒன்றாக இருந்தால், இடத்தைச் சொல்வது டவர்.

இது ஏன் இவ்வளவு பிசகுகிறது என்று விளங்கினால் தேடும் முறையே மாறும். டவருக்குத் தெரிவது, சமிக்ஞை போய்வர எடுத்த நேரம்தான். வானொலி அலை ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் ஓடும். பழைய 2ஜி வலையமைப்பு அந்த நேரத்தை 64 படிகளாக அளக்கிறது; ஒரு படி ஏறத்தாழ 550 மீற்றர். அதனால் ஒரு டவர் எட்டும் எல்லை சாதாரணமாக 35 கிலோமீற்றர். 4ஜியில் ஒரு படி 78 மீற்றர்தான், நல்ல முன்னேற்றம். ஆனாலும் இரண்டும் சொல்வது தூரத்தை மட்டுமே, திசையை அல்ல. டவரின் அன்ரெனாக்கள் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரித்துப் பூட்டப்பட்டிருப்பதால், எந்தப் பக்கம் என்பது மட்டும் ஓரளவு தெரியும். வாழையிலைத் துண்டு போன்ற ஒரு பரப்பு, அவ்வளவுதான்.

மூன்று டவரின் தூரம் கிடைத்தால் மூன்று வட்டம் வெட்டும் இடத்தைப் பிடிக்கலாம். வன்னியில் டவர்கள் ஏ9 வீதியையும் சந்திகளையும் ஒட்டி வரிசையாக நிற்பதுதான் வழக்கம். ஒரே கோட்டில் நிற்கும் டவர்களின் வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும்: ஒன்று வீதிக்குக் கிழக்கே, மற்றது அதே தூரத்தில் மேற்கே. எது உண்மை என்று அந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. டவர் இடத்தை நம்பித் தேடப் போகிறவர்கள் வீதியின் இரண்டு பக்கமும் ஆளை அனுப்ப வேண்டும். ஒட்டுசுட்டான் ஐயாவை வீட்டாரும் அயலவர்களும் ஒரு பக்கம் மட்டுமே தேடினார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. தேடப்படுகிறவரின் போனில் லொகேஷன் ஓனாக இருக்கிறதா பாருங்கள். பிறகு அந்த ஆப்பின் பெர்மிஷனுக்குள் போய் 'யூஸ் பிறிசைஸ் லொகேஷன்' ஓனா என்று பாருங்கள். ஆண்ட்ரொய்ட் 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், துல்லியமான இடம், ஏறத்தாழ இடம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார்கள். முதல்முறை ஆப் கேட்கும்போது அவசரத்தில் 'அப்ராக்ஸிமேட்' என்பதைத் தட்டியவர்கள் கனபேர். இது ஒன்றை மாற்றியதும் சரியான போன்கள் என் மேசையில் நிறைய வந்து போயிருக்கின்றன.

அதுவும் சரியென்றால் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே செய்மதி கிடைப்பது கடினம். உலோகம் அந்த மெல்லிய சமிக்ஞையை அடைத்துவிடும். கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் அந்தத் தொல்லை குறைவு. வெளியில் வந்தும் இரண்டு மூன்று நிமிடத்தில் வட்டம் சுருங்கவில்லையென்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. ஆள் அசையாமல் இருக்க, புள்ளி மட்டும் ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் பாய்ந்தால் கரண்ட் நின்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். நீண்ட மின்தடையில் அருகிலுள்ள டவரின் பற்றறி தீர்ந்ததும் போன் தூரத்து டவரைப் பிடிக்கும். புள்ளியும் அங்கே போய்விடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் போன்ற நாட்களில், டவரை வைத்துச் சொல்லும் இடத்தை நம்பிப் படகு அனுப்பக் கூடாது.

"தேடிக்கொண்டே இருக்கு, புள்ளி வரேல்ல"

மாடு மேய்ப்பவர்கள், தேனெடுக்கப் போகிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள் சொல்லும் குறை.

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் தீர்க்க வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டியதில்லை, கவரேஜ் வேண்டியதில்லை, சிம் கூட வேண்டியதில்லை. போன் வெறுமனே கேட்கிறது, எதையும் அனுப்புவதில்லை. டேட்டா இருந்தால் கிடைப்பது வேகம்.

செய்மதி தான் எங்கே இருக்கிறேன் என்ற தகவலைச் செக்கனுக்கு 50 பிற் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செய்மதி தன்னுடைய பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 செக்கன் எடுக்கும். எல்லாச் செய்மதிகளினதும் பொதுப் பட்டியலை முழுதாகக் கேட்டு முடிக்க 12.5 நிமிடம். நடுவில் ஒரு கிளை மறைத்தால் விட்ட இடத்தை மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். டேட்டா உள்ள இடத்தில் போன் இந்த விவரங்களை இணையத்திலிருந்து கண்மூடித் திறக்குமுன் எடுத்துவிடும். அதனால் கிளிநொச்சிச் சந்தையில் ஐந்து செக்கனில் வரும் இடம், கவரேஜ் இல்லாத காட்டுக்குள் பத்து நிமிடமாகியும் வராது. போன் பழுதில்லை, அது இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

ஆகவே காட்டுக்குள் போக முதல், ரோட்டில் கவரேஜ் இருக்கும்போதே மப்பைத் திறந்து, புள்ளி சரியாக விழும்வரை நில்லுங்கள். எடுத்த பாதை விவரம் சில மணித்தியாலத்துக்குச் செல்லும். அந்தப் பகுதியின் மப்பை வீட்டிலேயே 'ஓஃப்லைன்' ஆக இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் புள்ளி சரியாக இருந்தும் திரை வெறும் சாம்பலாகக் கிடக்கும்.

உள்ளே போன பிறகு தேவைப்பட்டால் பாலை, முதிரை மரங்களுக்குக் கீழே நின்று மினக்கெடாதீர்கள். குளத்துக் கட்டு, வயல் வெளி, பழைய சேனை என்று வானம் தெரியும் இடத்துக்கு வாருங்கள். மழை விட்ட கையோடு இலையெல்லாம் நனைந்திருக்கும்போது இன்னும் மோசம். தண்ணீர் சமிக்ஞையை உறிஞ்சும். போனைக் கையில் கிடையாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். பதினைந்து நிமிடம் வரை பொறுமை வேண்டும். அங்குமிங்கும் நடந்தால் கேட்டுக்கொண்டிருந்தது அறுந்து போகும்.

என்ன நடக்கிறதென்று கண்ணால் பார்க்க 'ஜிபிஎஸ் டெஸ்ற்' என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள். நான் கடை வாசலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். முதலில் வெறும் இலக்கங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செய்மதிகளின் சமிக்ஞை அளவு ஏறும். ஒன்று, இரண்டு, மூன்று; இன்னும் இடம் வராது. நாலாவது கணக்கில் சேர்ந்த கணம் அகலக்கோடும் நெடுங்கோடும் திரையில் வந்து நிற்கும். மூன்று போதாதா என்று ஒரு பிள்ளை கேட்டது. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் மூன்று. போனின் மலிவான மணிக்கூட்டின் பிழையைக் கண்டுபிடிக்க நாலாவது. அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை கெட்டிக்காரி.

புதுப் போன் வாங்குகிறவர்கள் காட்டு வேலைக்காரராக இருந்தால் 'எல் 5' அலைவரிசை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் போன் 1575.42 மெகாஹேர்ட்ஸ் ஒன்றை மட்டும் கேட்கும். இரண்டாவதாக 1176.45 மெகாஹேர்ட்ஸையும் கேட்கும் போன், தெறித்து வரும் சமிக்ஞையை நன்றாகப் பிரித்தறியும். 2018இல் ஷியோமி மீ 8 இல் தொடங்கியது. இப்போது நடுத்தர விலைப் போன்களிலும் கிடைக்கிறது.

"இன்னும் காலமை நிண்ட இடத்தையே காட்டுது"

கடைக்கு வரும் குறைகளில் அதிகம் இதுதான். வட்டம் சின்னதாகவே இருக்கும், ஆகவே சனம் நம்பிவிடும். நேரம் மட்டும் பழையது. மரக்கறி லொறி ஓட்டும் கணவன் ஓமந்தையில் தேத்தண்ணி குடித்த இடத்திலேயே புள்ளி நிற்க, வீட்டில் மனைவி இரவு முழுக்க விபத்தென்று பயந்து அழுதிருக்கிறா. அந்த மனிதர் அந்நேரம் தம்புள்ளையில் மரக்கறி இறக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. டேட்டா முடிந்திருக்கும். இல்லையென்றால் வட்ஸ்அப் லைவ் லொகேஷனின் நேரம் முடிந்திருக்கும். அது 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்ற மூன்றுதான் தரும். இரவு முழுக்கப் பயணம் போகிறவருக்கு 8 மணித்தியாலம் போதாது. இடையில் ஒருமுறை புதிதாகப் போட வேண்டும். நாள் கணக்கில் வேண்டுமென்றால் கூகுள் மப்பில், நிறுத்தும் வரைக்கும் என்று பகிரலாம்.

மூன்றாவது காரணம்தான் பலரையும் அலைக்கழிக்கிறது. பற்றறியை மிச்சம் பிடிக்கவென்று போனே அந்த ஆப்பைப் பின்னால் கொன்றுவிடுகிறது. ஷியோமி, ஒப்போ, விவோ, ஹுவாவே போன்றவற்றில் இது கடுமை. திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆப் தூங்கிவிடும். மறுபடி போனை எடுத்துப் பார்க்கும்போது எழும்பும், அதனால் போன்காரர் சத்தியம் பண்ணுவார், "என்ர போனில சரியாத்தானே காட்டுது!" அவர் சொல்வதும் உண்மை, வீட்டில் பார்த்ததும் உண்மை.

இதற்கு மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும், ஒன்றை விட்டாலும் சரிவராது. லொகேஷன் பெர்மிஷனை 'அலோ ஓல் த டைம்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ரொய்ட் 10இலிருந்து, ஆப் திறந்திருக்கும்போது மட்டும் அனுமதி என்பது தனியாக வந்ததால், பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்து அந்த ஆப்பின் பற்றறிப் பகுதியில் 'அன்றிஸ்ரிக்டட்' என்று போடுங்கள். மூன்றாவது 'ஓட்டோஸ்ராட்', அதாவது ஆப் தானாகவே எழும்பி ஓடும் அனுமதி. இது எல்லாப் போனிலும் இல்லை, மேலே சொன்ன வகைகளில் செற்றிங்கின் தேடல் பெட்டியில் தட்டித் தேடினால் வரும். ஐபோனென்றால் லொகேஷனை 'ஓல்வேஸ்' என்றும், 'பாக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்' ஓன் என்றும் வையுங்கள். பற்றறி சேமிப்பு, அதாவது 'லோ பவர் மோட்' ஓனாக இருந்தால் பின்னணி வேலைகள் நின்றுவிடும்.

மாற்றிய பிறகு சோதிக்காமல் விடாதீர்கள். திரையை மட்டும் அணைத்துச் சட்டைப்பையில் போட்டு, ஒரு கிலோமீற்றர் போய் வாருங்கள், போனைத் தொடாமல். வீட்டிலுள்ளவர் புள்ளி அசைகிறதா என்று பார்க்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தெரியாமல், வளர்ந்த மகனுக்குத் தெரியாமல் அவர்களுடைய போனில் இதைப் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. எங்கே போகிறோம், யாரோடு நிற்கிறோம் என்று பிறர் கணக்கெடுத்த காலத்தின் பாரம் இந்த மண்ணில் இன்னும் இறங்கவில்லை. ஒருவர் எங்கே என்று தெரியாமலே வருடக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மார் உள்ள ஊரும் இதுதான்; கிளிநொச்சியில் அவர்கள் தொடர் போராட்டத்தை 2017 பெப்ரவரி 20இல் தொடங்கினார்கள். இரண்டையும் அறிந்தவன் ஆதலால் சொல்கிறேன்: பகிர்கிறவர் சம்மதித்து, தன் கையால் ஓன் பண்ண வேண்டும், நிறுத்தத் தெரிந்தும் இருக்க வேண்டும். மறதி நோயுள்ளவர்களுக்கு மட்டும் வீட்டார் கூடி முடிவெடுக்கலாம்.

"போன் ஓனாத்தான் இருக்கு, அடிச்சால் தொடர்பு இல்லை எண்டுது"

இது மப் சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் இடம் சம்பந்தப்பட்டது. உங்களுக்கு ஒரு அழைப்பு வர வேண்டுமானால் நாடு முழுக்க உள்ள டவர்களில் எதன் கீழ் நிற்கிறீர்கள் என்று வலையமைப்புக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பதிவோடு ஒப்பிட்டால் சுலபமாக விளங்கும். டவர்களைக் கூட்டம் கூட்டமாக, கிராம அலுவலர் பிரிவு போலப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குள் நீங்கள் எத்தனை டவர் மாறினாலும் போன் பேசாமல் இருக்கும். பிரிவு எல்லையைத் தாண்டினால் மட்டும், நான் இங்கே வந்துவிட்டேன் என்று பதியும். புதுப் பிரிவின் விதானையார் தன் வந்தோர் பதிவேட்டில் எழுதி, தலைமைப் பதிவேட்டுக்கும் அறிவிப்பார். இந்த இரண்டுக்கும் தொழிலில் விஎல்ஆர், எச்எல்ஆர் என்று பெயர். அழைப்பு வந்ததும் தலைமைப் பதிவேட்டைக் கேட்டுப் பிரிவைப் பிடித்து, அந்தப் பிரிவிலுள்ள டவர்கள் அனைத்தும் உங்கள் பெயரைக் கூவும். போன் பதில் சொன்ன பிறகுதான் எந்த டவர் என்றே தெரியும். ஆக, சும்மா கிடக்கும் போன் எந்த டவரில் என்பது பெரும்பாலான நேரம் கம்பனிக்கே தெரியாது, பிரிவுதான் தெரியும்.

பதிவேடும் உண்மையும் பிசகும் இடங்கள் இருக்கின்றன. போனை முறைப்படி அணைத்தால், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும், பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். பற்றறி திடீரெனச் செத்தாலோ கவரேஜ் இல்லாத காட்டுக்குள் இறங்கினாலோ சொல்லாமல் போய்விடும். பதிவேட்டில் ஆள் இருக்கிறார், நிலத்தில் இல்லை. இதைத் திருத்தவென்று ஒவ்வொரு போனும் குறித்த இடைவெளியில், இருக்கிறேன் என்று தானாகவே சொல்லும். அந்தக் குரல் வராமல் தவணை தாண்டினால்தான் பெயரை எடுப்பார்கள்.

இதிலிருந்து ஒரு பயன். காணாமற்போனவரின் போனுக்கு அடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். தட்டியவுடனே அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் போன் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது கனநேரமாகத் தொடர்பில் இல்லை. பல செக்கன் அமைதியாக இருந்து பிறகு அறிவிப்பு வந்தால், வலையமைப்பு அவரை உயிரோடு உள்ள பதிவாக நினைத்துக் கூவிப் பார்த்திருக்கிறது. அண்மையில்தான் கவரேஜை இழந்திருக்கிறார். அப்படியென்றால் விடாமல் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் அடியுங்கள். மேட்டில் ஏறினால் மணி அடிக்கும்.

போன் உங்கள் கையில் இருந்து, சிக்னல் கம்பியும் நிறையக் காட்டி, வெளியிலிருந்து அழைப்பு மட்டும் வராவிட்டால் பதிவு பழுதாகியிருக்கிறது. ஃப்ளைட் மோடை ஓன் பண்ணி, பதினைந்து செக்கன் பொறுத்து ஓஃப் பண்ணுங்கள். போன் புதிதாகப் பதியும். வலையமைப்பு பரவலாகப் படுத்து எழும்பிய நாட்களில் இது கட்டாயம்; பதிவேடு பழைய பிரதியிலிருந்து எழும்பினால் நீங்கள் கடைசியாக நின்ற பிரிவு அதில் இல்லாதிருக்கலாம்.

இரண்டு பிரிவின் எல்லையில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை: போன் அங்கும் இங்கும் மாறி மாறிப் பதிந்துகொண்டேயிருக்கும், பற்றறி மத்தியானத்துக்குள் இறங்கும், இடைக்கிடை அழைப்பும் தவறும். பற்றறி மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். போனை வீட்டின் மற்ற மூலையில், ஒரு டவர் மட்டும் நன்றாகக் கிடைக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"முல்லைத்தீவில நிக்கிறம், கொழும்பு எண்டு காட்டுது"

வீட்டில் உள்ள வைஃபை ரவுட்டர் கொழும்பில் பாவித்ததா என்று கேளுங்கள். பட்டியலில் அதன் பழைய முகவரி இருக்கிறது. உடனே சரியான இடம் வேண்டுமென்றால் வெளியில் வந்து, வைஃபையை ஓஃப் பண்ணிப் பாருங்கள். பட்டியல் திருந்த, வைஃபையை ஓனாகவே வைத்து, வீட்டடியில் செய்மதி கிடைக்கும் இடத்தில் தொடர்ந்து மப்பைப் பாவித்தால் மெல்ல மெல்லத் திருந்தும். கணினியில் மட்டும் கொழும்பு காட்டினால் அது இணைய இணைப்பின் முகவரியை, அதாவது ஐபி இலக்கத்தை, வைத்துச் சொல்வது. திருத்த ஒன்றுமில்லை, நம்பாமல் விடுங்கள்.

கடலில்

கரையில் நிற்கும் 50 மீற்றர் டவரிலிருந்து நேர்ப்பார்வையே ஏறத்தாழ 25 கிலோமீற்றரோடு அடிவானத்தில் மறைகிறது. போனின் பலவீனமான அனுப்புசக்தி அதற்கு முன்னமே தோற்றுப்போகும். டவர்களும் கரைப்பக்கம் மட்டுமே. ஆகவே கடலில் டவர் சொல்லும் இடத்துக்கு மதிப்பில்லை. செய்மதியோ திறந்த கடலில் மிக நன்றாக வேலை செய்யும். போனுக்குத் தன் இடம் தெரியும், ஆனால் கரைக்குச் சொல்ல வழியில்லை. கொக்கிளாய், நாயாறு, அலம்பில் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: கவரேஜ் கடைசியாக உள்ள இடத்தில் வள்ளத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, நிற்கும் இடத்தையும் போகும் திசையையும் வீட்டுக்கு எஸ்எம்எஸ் பண்ணிவிட்டுப் போங்கள். டேட்டா வராத இடத்திலும் எஸ்எம்எஸ் போகும்.

"சொன்ன இலக்கத்துக்கு அம்புலன்ஸ் வேற இடம் போட்டுது"

1990 சுவசெரியவுக்கோ 119 பொலிசுக்கோ இடத்தை வாயால் சொல்லும்போது நடக்கும் பிழை. கிளிநொச்சி நகரம் 9 பாகை 23 கலை வடக்கு, 80 பாகை 24 கலை கிழக்கு. பதற்றத்தில் "ஒன்பது இருபத்திமூண்டு, எண்பது இருபத்திநாலு" என்று சொல்ல, கேட்பவர் 9.23, 80.24 என்று அடித்தால் ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தென்மேற்கே போய்விடும். ஒரு பாகைக்கு 60 கலை. 23 கலை என்பது தசமத்தில் 0.38.

அதனால் மப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்து, வரும் தசம இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் போதும், அதுவே 11 மீற்றருக்குள் கொண்டுவரும். ஒவ்வொரு இலக்கமாக: ஒன்பது, புள்ளி, மூன்று, எட்டு... வன்னியில் எங்கே நின்றாலும் முதலாவது 9ஐ ஒட்டியும் இரண்டாவது 80ஐ ஒட்டியும் வரும். மாறிச் சொன்னால் வடதுருவத்துக் கடல். இலக்கத்தோடு சந்தி, கோயில், குளம், பள்ளிக்கூடம் ஒன்றின் பெயரும் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மறுமுனையில் உள்ளவர் திருப்பிக் கேட்பார்.

"களவு போன போனை நம்பரை வைச்சுக் கண்டுபிடியுங்கோ"

என்னால் முடியாது, எந்தக் கடைக்காரராலும் முடியாது. நம்பரைக் கொடுத்தால் இடத்தைக் காட்டும் என்று வரும் ஆப்கள் ஏமாற்று. உங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் வழிப்பதற்கே வருகின்றன. டவர் பதிவு கம்பனியிடம்தான் உண்டு, அதைக் கேட்கும் உரிமை சட்டப்படி விசாரிப்பவர்களுக்குத்தான். உங்கள் கூகுள் கணக்கில் போனைத் தேடும் வசதி முன்கூட்டியே ஓனாக இருந்தால் வேறு போனிலிருந்து உள்ளே போய்ப் பார்க்கலாம், மணி அடிக்கலாம், பூட்டலாம். இல்லாவிட்டால் 15 இலக்க ஐஎம்இஐயோடு, அதாவது போனின் அடையாள இலக்கத்தோடு, பொலிசில் முறைப்பாடு. அது தொலைந்த பிறகு தேடும் பொருளல்ல. இன்றைக்கே நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்து வரும் இலக்கத்தைக் குடும்ப அட்டையோடு எழுதி வையுங்கள்.

நடந்து பார்த்த சோதனை

ஒட்டுசுட்டான் வீட்டுக்கு அந்தக் கிழமையே போனேன். பெர்மிஷன், பற்றறி, ஓட்டோஸ்ராட் மூன்றையும் திருத்தினேன். பிறகு ஐயாவின் போனை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் வழக்கமாக நடக்கும் வழியெல்லாம் நடந்தேன். மகள் வீட்டில் இருந்து புள்ளியைப் பார்த்தபடி, ஒவ்வொரு இடத்திலும் நான் அடிக்கும்போது காட்டியதைச் சொன்னா. கோயிலடியில் சரி. சங்கக்கடையடியில் சரி. வாய்க்காலில் இறங்கும் மருத மரத்தடியில் வட்டம் ஊதிப் பெருத்தது. அதற்கு அப்பால் பழைய அரிசி ஆலைத் தகரக் கொட்டிலுக்குள் புள்ளி கோயிலடியிலேயே நின்றுவிட்டது. கட்டின் திருப்பத்தில் கவரேஜே இல்லை.

மூன்று இடத்தையும் கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் கீறி, புள்ளி எப்படி ஏமாற்றும் என்று பக்கத்தில் எழுதினோம். "கோயிலடியில் காட்டி, நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் பழசென்றால், முதலில் ஆலைக் கொட்டில்." அந்த மட்டை குசினிச் சுவரில், தீப்பெட்டித் தட்டுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஐயா பிறகும் இரண்டு தரம் வெளிக்கிட்டுப் போனார். இரண்டு தரமும் ஆலைக் கொட்டிலுக்குள்தான் இருந்தார்.